ஏழு நாளும் இரண்டுங்கெட்டான் வேகம்

கேள்வி:

வயது 36. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. நான்கு வயதில் மகள். மூன்று வருடமாக அமெச்சூர் சைக்கிள் ரேஸ்களில் கலந்துகொள்கிறேன். எடை 72 கிலோ, த்ரெஷோல்ட் பவர் (சுமார் ஒரு மணி நேரம் சீராகத் தாங்கக்கூடிய உச்ச பவர்) 255 வாட். மாதத்தில் இரண்டு ஞாயிறு ரேஸ் இருக்கும். தெருக்களை அடைத்து 1.6 கிமீ சுற்று, சுற்றுக்கு நான்கு திருப்பம், மொத்தம் 50 நிமிடம்.

என் வாரம் இதுதான். திங்கள் சைக்கிள் கிடையாது, மாலையில் ஜிம், கால்களுக்கு மட்டும். செவ்வாய் விடியற்காலை 4.30க்கு எழுந்து வீட்டுக்குள்ளேயே டிரெய்னரில் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்டு) ஒரு மணி நேரம்: 8 நிமிட இன்டர்வெல் நான்கு, அதாவது 8 நிமிடம் அழுத்தி மிதித்து, நடுவில் ஆறி, நான்கு தடவை. மூன்றாவதிலேயே கால் நின்றுவிடுகிறது. புதன் மாலை நண்பர்களோடு ஒன்றரை மணி நேரம். வியாழன், வெள்ளி காலையில் ஒவ்வொரு மணி நேரம், 'ஈஸி'யாக. சனி மூன்றரை மணி நேரம். ஞாயிறு ரேஸ், இல்லாவிட்டால் இன்னொரு குழு ரைடு. ஆறு மாதமாக ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதே ஆறு மாதமாக ஒவ்வொரு ரேஸிலும் 35ஆவது நிமிடம் வாக்கில் கூட்டத்திலிருந்து கழன்றுவிடுகிறேன். தூக்கம் ஐந்தே முக்கால் மணி நேரம். எடையைக் குறைக்கச் சனிக்கிழமைகளில் வெறும் வயிற்றோடு கிளம்புகிறேன். "வீட்ல இருக்கும்போதும் நீங்க வீட்ல இல்ல" என்கிறார் மனைவி.

திங்கட்கிழமையும் ஓட்டினால் பலன் இருக்குமா? இல்லை, நல்ல வீல்செட் (சக்கர ஜோடி) வாங்கினால் அந்தக் கடைசி 15 நிமிடம் தாக்குப்பிடிப்பேனா? சில நாளாக இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பவரையும் இதயத்துடிப்பையும் கருவி பதிந்த நான்கு வார ஃபைல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

திங்கட்கிழமையைத் தொடாதீர்கள். வீல்செட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு இரண்டு வரி போதும்.

உங்கள் ஃபைல்களை ஒரு மாலை முழுக்க வைத்துக்கொண்டு பார்த்தேன். கடிதத்தில் ஆறு விதமான நாட்கள் இருக்கின்றன. ஃபைலில் இருப்பதோ ஏறக்குறைய ஒரே நாள், நாலைந்து தடவை. புதன்கிழமை சராசரி இதயத்துடிப்பு 148. வியாழன் 146. வெள்ளி 145. சனி 147. உங்கள் அதிகபட்சத் துடிப்பு 185 என்று ரேஸ் ஃபைலே சொல்கிறது. அப்படியென்றால் இவை எல்லாமே அதில் எண்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கின்றன. நீங்கள் 'ஈஸி' என்று எழுதியிருக்கும் வியாழக்கிழமையின் சராசரி பவர் 208 வாட். த்ரெஷோல்டில் 82 சதவீதம். இது ஈஸி இல்லை. கடினமும் இல்லை. மூச்சு வாங்கும், ஆனால் திணறாது. வியர்க்கும், ஆனால் கால் எரியாது. இறங்கும்போது 'இன்றைக்கு நல்லா ஓட்டினோம்' என்று ஒரு நிறைவும் வரும். இந்த இரண்டுங்கெட்டான் வேகத்தின் ஆபத்தே அந்த நிறைவுதான்.

இதை உங்களைக் குறைசொல்லச் சொல்லவில்லை. நேரம் கம்மியாக இருக்கிற எல்லோரும் விழும் குழி இது. கிடைத்தது ஒரு மணி நேரம், அதை வீணாக்கக் கூடாது என்று தோன்றும். மெதுவாக ஓட்டினால் ஏமாற்றுவது போல ஒரு உறுத்தல். நானும் ஓட்டுகிற காலத்தில் ஒரு பருவம் முழுக்க இப்படித்தான் இருந்தேன். 'இன்று ஓய்வு ரைடு' என்று கிளம்பிய ஒரு காலையில், கைப்பிடியில் இரண்டு காய்கறிப் பைகள் தொங்க, செருப்புக் காலோடு ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். அடுத்த சிக்னல் வரை துரத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, ஹேண்டில்பாரில் வேகம் காட்டும் கருவியின் மேல் ஒரு துண்டு பேப்பரை ஒட்டி 'மெதுவா' என்று எழுதினேன். ஈஸி நாட்களில் அதை ஒரு வருடம் கழற்றவில்லை.

உங்கள் எண்களில் ஈஸி என்றால் என்ன? 255 வாட் த்ரெஷோல்டுக்கு, நீண்ட நேரம் ஓட்டும் தாங்குதிறன் ரைடின் மேல்வரம்பு 190 வாட். அதற்கு மேல் போகக் கூடாது. கீழே எவ்வளவு போனாலும் குற்றமில்லை. உடம்பு தேற ஓட்டும் நாளென்றால் 140 வாட்டுக்கும் கீழே. கருவியே இல்லாமல் சோதிக்க வேண்டுமானால், முழு வாக்கியமாகப் பேசிப் பாருங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு கதையை நடுவில் மூச்சுக்கு நிறுத்தாமல் சொல்ல முடிந்தால் சரி. ஏற்றத்தில் கியரைக் குறைத்து, நடப்பவர் வேகத்துக்கு இறங்கினாலும் பரவாயில்லை. வெட்கமாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

மெதுவாக ஓட்டுவது ஒரு திறமை என்பதை நம்பாதவர்களுக்கு டூர் டி ஃபிரான்ஸின் மலைநாட்களைக் காட்டுவேன். முன்னால் மலைவீரர்கள் மோதிக்கொண்டிருப்பார்கள். வெகு பின்னால் ஸ்பிரின்டர்கள், அதாவது கடைசி நேரப் பாய்ச்சலில் வல்லவர்கள், ஒன்றாகச் சேர்ந்து ஒரு கூட்டமாக வருவார்கள். அதற்கு க்ருப்பெட்டோ என்று பெயர். அன்றைய கெடு நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அடுத்த சமதள நாளில் மணிக்கு 60 கிமீக்கு மேல் பாயப் போகிற கால்கள் அவை. அந்த ரேஸிலேயே மூன்று வாரத்துக்கு இரண்டு ஓய்வு நாள் உண்டு.

இப்போது உங்கள் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எட்டு நிமிடம் நான்கு தடவை என்பது அருமையான பயிற்சி. ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் பொழுதுபோக்காக ஓட்டும் சைக்கிள்காரர்களை வைத்து நான்கு நிமிடம், எட்டு நிமிடம், பதினாறு நிமிடம் என மூன்று வகை இன்டர்வெல்லை ஒப்பிட்டார்கள். எல்லாவற்றிலும் நான்கு தடவைதான். அதிக முன்னேற்றம் கண்டது எட்டு நிமிடக்காரர்கள். ஆகப் பயிற்சி சரி, அதற்குக் கொண்டுவரும் கால்தான் சரியில்லை. மூன்றாவது இன்டர்வெல்லில் உங்கள் பவர் 258இலிருந்து 231க்கு விழுகிறது, நான்கு வாரமும் ஒரே இடத்தில். அதற்கான காரணம் செவ்வாயில் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் முன்னால், திங்கள் மாலை ஜிம்மில் நீங்கள் போட்ட ஸ்குவாட்டில் இருக்கிறது. ஓய்வு நாள் என்று பெயர் வைத்துவிட்டுக் கால்களை மட்டும் தனியாக அழைத்துப்போய் அடித்திருக்கிறீர்கள்.

ஜிம்மை விட்டுவிடச் சொல்லவில்லை. சைக்கிள் எலும்புக்குப் பாரம் தராத விளையாட்டு. சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவது தெரிந்த விஷயம். பாரம் தூக்குவது உங்களுக்கு அவசியம். அதைச் செவ்வாய் மாலைக்கு மாற்றுங்கள். காலையில் இன்டர்வெல், மாலையில் ஸ்குவாட். கேட்க அநியாயமாக இருக்கும், ஆனால் கடினத்தைக் கடினத்தோடு ஒரே நாளில் கட்டிப்போட்டால்தான் அடுத்த நாள் முழுசாக விடுதலையாகும்.

சைலர் இன்னொன்றும் கவனித்தார். படகு, பனிச்சறுக்கு, சைக்கிள் என்று தாங்குதிறன் விளையாட்டுகளின் உச்சத்தில் இருப்பவர்கள், பத்துப் பயிற்சியில் ஏறக்குறைய எட்டை மெதுவாகத்தான் செய்கிறார்கள். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், அவங்க வாரத்துக்கு இருபது மணி நேரம் ஓட்டறாங்க, எனக்குக் கிடைக்கறது ஒன்பதரை. நான் எப்படி மெதுவா ஓட்ட முடியும்?" நியாயமான கேள்வி. பயிற்சியாளர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு நடுவேகத்தையும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு, ரேஸ் இல்லாத மாதங்களில் நானும் கொடுப்பேன். நடுவேகம் விஷமில்லை. ஆனால் ஐந்தே முக்கால் மணி நேரம் தூங்கிக்கொண்டு, செவ்வாய் மூன்றாவது இன்டர்வெல்லில் கால் நின்றுபோகிற ஒருவருக்கு வாரத்தில் ஐந்து நாள் நடுவேகம் தர மாட்டேன்.

சனிக்கிழமைதான் இந்தக் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த நாள். ரேஸுக்கு முந்தைய நாள், வெறும் வயிறு, மூன்றரை மணி நேரம், சராசரி 210 வாட். கணக்குப் போட்டால் 2,646 கிலோஜூல் வேலை. சைக்கிளில் ஒரு வசதி உண்டு: உடம்பு எரிப்பதில் முக்கால் பங்கு சூடாகப் போய்விடுவதால், பவர் மீட்டர் காட்டும் கிலோஜூலும் நீங்கள் எரித்த கலோரியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வந்து நிற்கும். ஆக 2,600 கலோரி சுமார். எதிர்ப்பக்கம் நீங்கள் போட்டது? குறிப்பில் 'இரண்டு வாழைப்பழம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது கிராம் மாவுச்சத்து, இருநூறு கலோரி.

தசையிலும் ஈரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் மொத்தமே 500 கிராம் சுற்றி. இரண்டாயிரம் கலோரிக்குக் காணும். எண்பது சதவீத வேகத்தில் உடம்பு பெரும்பாலும் இதைத்தான் எரிக்கும். வேகம் குறையக் குறையக் கொழுப்பின் பங்கு ஏறும். நீங்கள் கொழுப்பைக் கரைக்கக் கிளம்பிச் சர்க்கரைக் கிடங்கைக் காலிசெய்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். அப்படித் துடைத்தெடுத்த கிடங்கு நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலே ஒரு முழு நாள் பிடிக்கும். எடையை நினைத்து மதியமும் அளந்து சாப்பிட்டிருப்பீர்கள். மறுநாள் காலை பாதி டேங்க்கோடு ரேஸ் கோட்டில் நிற்கிறீர்கள். 35ஆவது நிமிடம் என்பது மர்மமே இல்லை.

ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் ஒரு ரேஸில் 28ஆவது நிமிடத்தில், இன்னொன்றில் 45இல் என்று மாறிமாறி வந்திருக்கும். ஏன் எப்போதும் ஒரே இடம் என்று ரேஸ் ஃபைலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சராசரி பவர் 212 வாட்! உங்கள் வியாழக்கிழமை 'ஈஸி'யைவிட நாலு வாட்தான் கூடுதல். சராசரியைப் பார்த்தால் நீங்கள் கழன்றதே அதிசயம். பவர் வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. பதினான்கு சுற்று, 56 திருப்பம். அதில் 51 தடவை பவர் 500 வாட்டைத் தாண்டி ஆறேழு விநாடி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் பூஜ்யம். நீங்கள் பிரேக்கைப் பிடித்திருக்கிறீர்கள்.

எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவே வேண்டாம். கூட்டத்தின் வால். திருப்பத்தில் கூட்டம் ரப்பர் போலச் சுருங்கி நீளும். முதல் பத்துப் பேர் பிரேக்கைத் தொடாமலே வளைந்து போய்விடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் பிரேக் பிடிக்க, கடைசி ஆள் ஏறக்குறைய நின்றேவிடுவார். அதற்குள் முதல் ஆள் நேர்ச்சாலையில் மணிக்கு 42 கிமீயில் போய்க்கொண்டிருப்பார். வாலில் இருப்பவர் எழுந்து நின்று மிதித்துத்தான் அந்த இடைவெளியை மூட வேண்டும். மூடாவிட்டால் கதை முடிந்தது: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதை வெல்லத் தேவையான பவர் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். முன்னால் ஒருவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகும். இடைவெளி கூடக்கூட அந்த மிச்சம் குறையும்.

த்ரெஷோல்டுக்கு மேல் மிதிக்க உடம்பிடம் இருப்பது ஒரு சிறுவாட்டுப் பணம். த்ரெஷோல்டுக்குக் கீழே இருக்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நீங்கள் ஒரு சுற்றில் நான்கு தடவை எடுத்துச் செலவு செய்கிறீர்கள், நேர்ச்சாலையில் அரைகுறையாகத் திரும்பப் போடுகிறீர்கள். ஐம்பதாவது திருப்பத்தில் டப்பா காலி. முன்வரிசையில் ஓட்டுபவர் அதே ரேஸை உங்களைவிடக் குறைந்த செலவில் முடிக்கிறார். உங்களைவிடப் பலசாலியாக அவர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் வாரமும் ரேஸும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கின்றன. நான்கு வார ஃபைலில், ரேஸுக்கு வெளியே, 500 வாட்டைத் தாண்டிய விநாடிகள் மொத்தம் எத்தனை என்று பார்த்தேன். நாற்பது. நாலு வாரத்துக்கு நாற்பது விநாடி! ரேஸ் கேட்பது எண்பது தடவை பாய்ந்து எண்பது தடவை ஆறுவது. நீங்கள் பழகுவதோ பாயாமலும் ஆறாமலும் ஒரே சீராகப் போவது. திங்கட்கிழமை இன்னொரு மணி நேரம் ஓட்டினால் அதுவும் 208 வாட்டில்தான் முடிந்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம்?

ரேஸ் இருக்கும் வாரத்தை முதலில் சொல்கிறேன். திங்கள் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் ஜிம்மும் இல்லை, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும். செவ்வாய் நான்கு எட்டு நிமிடம், 255 முதல் 260 வாட். முதல் இரண்டில் இன்னும் முடியும் என்று தோன்றினால் ஏற்றாதீர்கள், நான்காவது முதலாவதைப் போலவே முடிய வேண்டும். மாலையில் ஜிம், ரேஸ் வாரத்தில் பாரத்தைப் பாதியாக்குங்கள். புதன் விடுமுறை. வியாழன் ஒரு மணி நேரம், நடுவில் பத்து விநாடிப் பாய்ச்சல் பத்து. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நிமிடம் காலைச் சும்மா சுற்றுங்கள். பாய்ச்சலுக்கு முன்னால் வேகத்தைப் பத்துப் பன்னிரண்டு கிமீக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், திருப்பத்திலிருந்து வெளியே வருவது போல. வெள்ளி தூக்கம். சனி நாற்பது நிமிடம் மட்டும், அதில் ஒரு நிமிடம் கொஞ்சம் அழுத்தி மூன்று தடவை. கால் மறக்காமல் இருக்க, களைக்க அல்ல. சனி முழுக்க மாவுச்சத்தைக் குறைக்காமல் சாப்பிடுங்கள்.

ரேஸ் இல்லாத வாரத்தில் ஒரே விதி: செவ்வாய் இன்டர்வெல் அல்லது புதன் நண்பர்கள், இரண்டில் ஒன்று. நண்பர்களை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. அமெச்சூர் ஓட்டுவதே பாதி அதற்குத்தான். புதனுக்குப் போனால் செவ்வாய் ஈஸி, புதனில் முழு மூச்சாக விளையாடுங்கள், வழியில் வரும் ஒவ்வொரு பெயர்ப்பலகை வரைக்கும் ஸ்பிரின்ட் அடியுங்கள். வியாழன் ஓய்வு, வெள்ளி ஒரு மணி நேரம் ஈஸி. சனி அதே மூன்றரை மணி நேரம், ஆனால் காலையில் சாப்பிட்டுவிட்டு, 190க்குக் கீழே, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். முடித்ததும் முதல் சில மணி நேரம் கிலோ எடைக்கு ஒரு கிராம் வீதம், உங்களுக்கு மணிக்கு 70 கிராம் சுமார். ஞாயிறு சைக்கிளைத் துடைத்து வையுங்கள், போதும்.

கூட்டிப் பார்த்தால் ரேஸ் வாரத்தில் ரேஸையும் சேர்த்து மூன்றரை மணி நேரமும் மற்ற வாரத்தில் ஏழு மணி நேரமும் வரும். ஒன்பதரையிலிருந்து இவ்வளவு குறைப்பது முதல் இரண்டு வாரம் பதற்றமாக இருக்கும். ஃபிட்னஸ் கரைகிறது என்று இரவில் தோன்றும். தோன்றினால் தூங்குங்கள். வியாழன், வெள்ளி காலைகளில் மிச்சமாகும் நேரம் தூக்கத்துக்குத்தான், அலுவலக மெயிலுக்கு இல்லை. ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த எந்த இரவுக்கு அடுத்த காலையும் இன்டர்வெல் வேண்டாம். அதை நாளைக்குத் தள்ளினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரைடு முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட்டு, நிமிடங்களால் பெருக்குங்கள். கார்ல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் பரவலாக்கிய முறை இது, எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு மணி நேர ஈஸி ரைடுக்கு 180 வந்தால் சரி. 360 வந்தால், வாட் என்ன சொன்னாலும் அன்று அது ஈஸி இல்லை. அலுவலகத்தில் மண்டை காய்ந்த நாளில் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அது ஃபாஸ்டர் சொன்னதல்ல, என் பழக்கம். உடம்புக்கு மேனேஜர் கொடுத்த களைப்பு, மலை கொடுத்த களைப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ரேஸில் இடம் பிடிப்பதைப் பழகக் காலியான வாகன நிறுத்தம் ஒன்று போதும். நான்கு தண்ணீர் பாட்டிலை வைத்துத் திருப்பம் அமையுங்கள். பிரேக் எல்லாம் திருப்பத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே, உடம்பின் பாரம் அதன்மேல், கண் முன்சக்கரத்தில் இல்லாமல் வெளியேறும் இடத்தில். ரேஸ் அன்று கோட்டுக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே போய் முன்வரிசையில் நில்லுங்கள். முதல் சுற்றில் பெடலில் ஷூவை மாட்டத் தடுமாறினாலே இருபது இடம் போய்விடும், அதையும் வீட்டில் பத்துத் தடவை பழகுங்கள். முன்னேறுவது நேர்ச்சாலையில், கூட்டம் மூச்சு விடும் நேரத்தில். திருப்பத்தின் உள்பக்கம் நுழைந்து இடம் பிடிக்காதீர்கள். நீங்கள் விழுவதோடு நிற்காது, பின்னால் வருபவர்களையும் சேர்த்து விழவைப்பீர்கள்.

எடையைப் பற்றி: 72 கிலோ உங்களுக்குத் தடையே இல்லை. நான்கு திருப்பம் உள்ள சமதளச் சுற்றில் இரண்டு கிலோ குறைவதால் கிடைப்பது அற்பம். குறைவாகச் சாப்பிட்டு அதிகமாக ஓட்டிக்கொண்டே போனால் ஹார்மோன், எலும்பு, மனநிலை, நோய் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து சரியும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தது, ஆண்களுக்கும் வரும் என்று அப்போதே சொன்னது. காலை எழும்போதே சோர்வு, அடிக்கடி சளி, தாம்பத்திய ஆர்வம் குறைதல், படுத்திருக்கும்போதே துடிப்பு வழக்கத்தைவிட அதிகம்: இவற்றில் எதுவும் இரண்டு வார ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே போங்கள். காய்ச்சலோடு சைக்கிள் ஏறாதீர்கள்.

சுண்டுவிரல்: உள்ளங்கையின் அடிப்பக்கம், சுண்டுவிரல் ஓரமாக ஓடும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா பாருங்கள். சரிந்திருந்தால் பாரம் முழுக்கக் கைக்கு வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். டிரெய்னரில் கை அசையாது, அங்கே இன்னும் கவனம் வேண்டும். மூன்று வாரத்தில் போகவில்லை என்றாலோ, விரலில் பலம் குறைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

வீல்செட்: வாங்க வேண்டாம். அது தரும் சில வாட்டைப் போலப் பல மடங்கு, உங்களுக்கு முன்னால் போகிறவரின் முதுகு இலவசமாகத் தருகிறது.

வருகிற ஞாயிறு ரேஸ் இருப்பதாகக் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். போங்கள். சனிக்கிழமை நாற்பது நிமிடத்தோடு இறங்கிவிடுங்கள், மதியம் வயிறார சாப்பிட்டுவிட்டு மகளோடு படுத்துத் தூங்குங்கள். ரேஸ் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். நேரமும் வாட்டும் வேண்டாம். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள், அதை மட்டும்.